கல்லூரிக்குப் போன நாலாம் வகுப்புப் பிள்ளை

மகனே,

சாமி என்று கூப்பிட்டுத்தான் எனக்குப் பழக்கம். இன்றைக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால், நான் இந்தப் பேச்சை எடுத்ததும் உனக்கு மஸ்கட்டில் சிக்னல் போய்விடுகிறது. "அம்மா, கேக்கல, கேக்கல" என்கிறாய். கேட்காதவனுக்கு எழுதித்தான் காட்ட வேண்டும். இங்கே மைசூரில் நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் இதைப் போடச் சொல்லிக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "வீட்டு விசயத்த ஊருக்குச் சொல்லலாமா பெரியம்மா?" என்று அந்தப் பொறுப்பாளர் தம்பி தயங்கினார். ஊர் கேட்டால்தான் என் மகனுக்குக் காது திறக்கும் என்றேன். கல்லூரியில் எல்லாம் சொல்லியாகிவிட்டது, இனி மறைக்க ஒன்றுமில்லை. நான் மூன்றாவது வரை தமிழ் படித்தவள். பிழை இருந்தால் அந்தத் தம்பி திருத்திக்கொள்ளட்டும். விசயத்தில் பிழை இருக்காது. எனக்கு எதுவும் மறப்பதில்லை என்று உனக்குத் தெரியும். அதற்குத்தான் நீ என்னிடம் பேசப் பயப்படுகிறாய்.

உன் மகள் சுமித்ராவின் படிப்பு இப்போது கன்னடப் பரீட்சை ஒன்றில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதில் தோற்றால் ஒரு வருடம் போகும். அவள் இருக்கிற இருப்பைப் பார்த்தால் வருடத்தோடு நிற்குமா என்றும் தெரியவில்லை. நீ வர வேண்டும். ஏன் நீதான் வர வேண்டும் என்பதற்கு, உனக்குத் தெரிந்ததிலிருந்தே தொடங்குகிறேன். ஏனென்றால் உனக்குத் தெரிந்ததைத்தான் நீ முதலில் மறப்பாய்.

உனக்கு இரட்டைப் பெண்கள் பிறந்தார்கள். இரண்டையும் ஒரே மடியில் வளர்க்கப் பெற்றவள் செல்விக்கு உடம்பு தாங்கவில்லை. நீங்கள் இருவரும் மைசூரில் வேலை தேடி அலைந்த காலம் அது. பெரியவள் பவித்ராவை ஹனூர்ப் பக்கத்து நம் சோளக்காட்டு வீட்டில் நான் வைத்துக்கொண்டேன். சின்னவள் சுமித்ராவைப் பாலாற்றுக்கு அந்தப் பக்கம், கொளத்தூரில், செல்வியின் அம்மா வைத்துக்கொண்டாள். பெரியவள் நீ படித்த அதே கன்னடப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். சின்னவள் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். ஒரே முகம். ஒன்றின் பையில் கன்னடப் புத்தகம், இன்னொன்றின் பையில் தமிழ்ப் புத்தகம். லீவுக்குச் சேர்ந்தால் டீச்சர் விளையாட்டுத்தான். பவித்ராதான் எப்போதும் டீச்சர். களத்து மண்ணில் குச்சியால் கன்னட எழுத்தைப் போட்டு, "ஏய் குட்டி, சொல்லுடி" என்று அதட்டுவாள். இது சிணுங்கிக்கொண்டே சொல்லும். ஒரு நாள் இது பதிலுக்குத் தமிழ் எழுத்தைப் போட்டதற்கு, "அது என் ஸ்கூல்ல இல்ல" என்று காலால் அழித்துவிட்டாள். அவளுக்கு என் குணம்.

நாலாவது முடிந்த லீவில், இனிமேல் பெரியவளை மைசூரில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் போடலாம் என்று நீ முடிவு செய்தாய். ஹனூர்ப் பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்கி, மைசூரில் சீட்டும் போட்டு, யூனிபாரத்துக்கு அளவும் கொடுத்தாயிற்று. அந்த லீவிலேயே அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கொள்ளேகால் ஆஸ்பத்திரியைத் தாண்டவில்லை. காட்டு மூலையில், வேப்பமரத்தடியில் வைத்தோம். பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்ல யாருக்குத் தோன்றும்? சான்றிதழ் கிழித்து வாங்கிக்கொண்டு போன பிள்ளை. அவர்கள் கணக்கில் அவள் மைசூர் போய்விட்டாள்.

நீ என்ன செய்தாய்? கொளத்தூர் போய்ச் சின்னவளைக் கூட்டிவந்தாய். தமிழ்நாட்டுச் சான்றிதழ் என்றால் அங்கே கல்வி அதிகாரியிடம் கையெழுத்து வாங்க வேண்டும், இங்கே காட்ட வேண்டும், அதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடும் என்றாய். பெரியவளுக்குத் தைத்த யூனிபாரம் சின்னவளுக்குச் சரியாக இருந்தது. பெரியவளுக்குப் போட்ட சீட்டு காலியாக இருந்தது. பிறந்த தேதி ஒன்று. முகம் ஒன்று. "பேர் மட்டும்தானேம்மா, பேப்பர்ல இருந்துட்டுப் போகட்டும்" என்று நீ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. துக்கம் கேட்க ஆள் வருவதுகூட அப்போது இன்னும் நின்றபாடில்லை.

அன்றைக்கு நான் உன்னோடு போட்ட சண்டையை அக்கம்பக்கம் மறந்திருக்கும், நான் மறக்கவில்லை. நம் வீடுகளில் கன்னியாகப் போன பிள்ளையை வருடத்துக்கு ஒரு தரம், ஆடியில், பேர் சொல்லிக் கூப்பிடுவோம். புதுப் பாவாடை, வளையல், பச்சைமாவு எல்லாம் வைத்து, வந்தாயா கண்ணு, தின்னாயா கண்ணு, போய்விட்டு வா கண்ணு என்று அனுப்பிவைப்போம். மற்ற நாள்களில் அந்தப் பேரை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். கூப்பிட்டால் வரும். வந்ததை அனுப்பத் தெரிய வேண்டும். நீ அந்தப் பேரைப் பள்ளிக்கூடத்து அட்டென்டன்ஸில் எழுதிக்கொடுத்துவிட்டாய். தினம் காலையில் ஒரு டீச்சரம்மா பவித்ரா, பவித்ரா என்று கூப்பிட்டாள். அனுப்புகிறவர்கள் யாரும் இல்லை.

செல்வி ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அப்போது எனக்குப் புரியவில்லை. நஞ்சன்கூட்டில் பேக்டரி ஷிப்ட் முடிந்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "பவி" என்பாள். உள்ளேயிருந்து "வந்துட்டனுங்கம்மா" என்று ஒரு குரல் வரும். அவள் முகம் தெளியும். அந்த ஒரு பதிலுக்காகத்தான் அவள் வாயை மூடிக்கொண்டாள். நான் ஒரு நாளும் அந்தப் பேரைச் சொல்லிச் சின்னவளைக் கூப்பிட்டதில்லை. சுமித்ரா என்றுதான். அதற்கும் அதே "வந்துட்டனுங்க" தான். நீ மட்டும் இரண்டும் இல்லாமல் போனில் "பாப்பா" என்று தப்பித்துக்கொண்டாய். எல்லா வருடமும்.

பள்ளிக்கூடத்தில் இந்தியும் சமஸ்கிருதமும்தான் எடுத்துப் படித்தாள். கன்னடம் தெருவில் பேசுவாள். பஸ் போர்டைப் படிப்பாள், கடைப் பலகையைப் படிப்பாள். எனக்கு அந்த எழுத்து ஒன்றும் தெரியாது. "அப்பத்தா, இது நம்ம பஸ்ஸுங்க, ஏறுங்க" என்று கையைப் பிடித்து இழுப்பாள். பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டாள் என்று நினைத்தேன். பழகினாளோ என்னவோ.

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம், சாப்பிட உட்கார்ந்தவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"என்ன கண்ணு?"

"என்னையப் பெரிய கன்னடத்துல போட்டுட்டாங்க அப்பத்தா."

கல்லூரியில் கன்னடம் இரண்டு வகுப்பாம். பள்ளிக்கூடத்தில் கன்னடத்தில் படித்துவிட்டு வந்த பிள்ளைகளுக்குப் பழைய பாட்டு, இலக்கணம், கட்டுரை எல்லாம் உள்ள பெரிய கன்னடம். கேரளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, ஓர் எழுத்தும் தெரியாத பிள்ளைகளுக்கு எழுத்திலிருந்து தொடங்கும் சின்னக் கன்னடம். எதில் உட்காருவது என்று பிள்ளை சொல்ல முடியாது. ஒன்றாம் வகுப்பிலிருந்து எங்கே, எந்தப் பாஷையில் படித்தாய் என்று வாங்கிக் கொடுத்த காகிதம்தான் சொல்லும். இவள் ஆபீஸில் போய், நான் கன்னடம் படிக்கவில்லை சார் என்றிருக்கிறாள். கிளார்க் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "ஒண்ணுலருந்து நாலு வரைக்கும் கவர்மென்ட் கன்னட ஸ்கூல்னு இருக்கே? நீதானேம்மா பவித்ரா?" என்று கேட்டிருக்கிறார். இவள் ஆமாம் என்றிருக்கிறாள். வேறு என்ன சொல்வாள்? "படிச்சுட்டுப் படிக்கலைங்கறியே, சோம்பேறித்தனமா?" என்று சிரித்து அனுப்பிவிட்டார்.

அன்றைக்கே உனக்குப் போன் செய்தேன். "கிளறாதம்மா, சீட்டே போயிரும். நாலு வகுப்புதானே, சமாளிச்சுக்குவா" என்றாய். அந்த நாலு வகுப்பும் படித்தவள் யார்? வேப்பமரத்தடியில் இருக்கிறவள் எப்படிச் சமாளிப்பாள் என்று கேட்டேன். உனக்கு சிக்னல் போய்விட்டது.

முதல் உள்தேர்வு வந்தது. முடிந்து வந்தவளிடம் எப்படி எழுதினாய் என்று கேட்டேன். திருதிருவென்று விழித்தாள். "பேப்பர் குடுத்தாங்க. அப்பறம் மணி அடிச்சிருச்சு. நடுவுல ஒண்ணுமே இல்லீங்க அப்பத்தா." தூங்கிவிட்டாயா என்றேன். தூங்கவில்லையாம். கை மட்டும் வலிக்கிறது என்று நீட்டினாள். நடுவிரலில் பேனா அழுத்திய பள்ளம் சிவப்பாக இருந்தது. அந்த விரல் குளிர்ந்து கிடந்தது. வெயில் கொளுத்திக்கொண்டிருந்த மத்தியானம் அது.

நாலு நாள் கழித்துக் கன்னட மேடம், வீட்டிலிருந்து யாரையாவது கல்லூரிக்கு வரச்சொன்னாள். செல்விக்கு ஷிப்ட். நான் போனேன். நல்ல பெண் அந்த மேடம், நடு வயது, கழுத்தில் மெல்லிய சங்கிலி. "உட்காருங்க அஜ்ஜி" என்று நாற்காலி போட்டாள். பாட்டியை அவர்கள் அஜ்ஜி என்பார்கள். நான் கன்னடம் பேசுவேன், அதனால் ஒருவருக்கொருவர் புரியாமல் போகவில்லை. சுமித்ரா சுவர் ஓரமாக நின்றாள்.

"அஜ்ஜி, உங்க பேத்தி என்னைக் கேலி பண்றாளா?" என்று மேடம் விடைத்தாளை எடுத்து மேசைமேல் விரித்தாள்.

தாள் முழுக்க எழுத்து. பென்சிலால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, கோட்டின் மேல் பெரிய பெரிய எழுத்தாக, ஒவ்வொன்றும் கட்டிலில் படுத்த பிள்ளை மாதிரி. எழுத்து தெரியாவிட்டாலும் இந்தக் கையை எனக்குத் தெரியும். நம் காட்டு வீட்டுச் சுவரில் கரியால் எழுதியிருக்கிற கை.

"நான் கேட்டது பழைய கவிதைக்குப் பொருள். இவ எழுதியிருக்கறது நாலாம் கிளாஸ் பாடம். ஒரு வரி விடாம அப்படியே. கேக்கறீங்களா?" என்று மேடம் படித்தாள். ஏரிக்கரையில் ஒரு கிழவனும் கொக்கும் பேசிக்கொள்கிற பாடம். நான் அடுப்பூதிக்கொண்டிருக்கும்போது பவித்ரா தூணைச் சுற்றிச் சுற்றி வந்து ஒப்பிப்பாள். மேடம் படிக்கப் படிக்க, எந்த இடத்தில் மூச்சு விடுவாள் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. கடைசி வரிக்கு வந்ததும் மேடம் குரல் கொஞ்சம் இறங்கியது. "இதுக்கப்பறம் இப்படி எழுதியிருக்கா. 'அடுத்த பாடம் இன்னும் நடத்தல சார். லீவு விட்டுட்டாங்க.'"

மேடம் சுமித்ராவைப் பார்த்தாள். கேலி செய்கிற பிள்ளையின் முகம் இல்லை அது. மேடம் எழுந்துபோய் அவள் தோளைத் தொட்டு, "ஏன்மா இப்படி எழுதினே?" என்றாள்.

"நான் எழுதல மேடம்," என்றாள் இவள்.

அதற்குமேல் நான் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ செய்தது, நான் தடுத்தது, செல்வி வாயை மூடிக்கொண்டது, எதையும் விடவில்லை. மேடம் கேட்டுவிட்டு, சின்ன வயதில் டீச்சர் விளையாட்டில் கேட்டது மனசின் அடியில் தங்கியிருக்கும் அஜ்ஜி, பயத்தில் மேலே வந்திருக்கும் என்றாள். படித்தவள், அவளுக்கு ஒரு காரணம் வேண்டும். நான் மறுக்கவில்லை. ஆனால் அவள் அந்தத் தாளை மறுபடி கையால் தொடாமல், ஸ்கேலால் தள்ளித்தான் கவரில் போட்டாள்.

கிளார்க்கிடம் போனோம். அந்த மனுசனுக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"நாலு வருஷம் படிச்சவ எப்படி அஜ்ஜி படிக்காதவ ஆவா?"

"செத்தா ஆவா."

"இதோ நிக்கறாளே?"

"இவ படிக்கல. படிச்சவ நிக்கல."

அவர் மேடத்தைப் பார்த்தார். மேடம் சுவரைப் பார்த்தாள். பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, கொளத்தூரில் இவள் பேரில் தமிழில் படித்த சான்றிதழ் அதிகாரி கையெழுத்தோடு வந்தால் சின்னக் கன்னடத்துக்கு மாற்றலாம், பேர் மாற்றத்துக்கு அப்பா பிரமாணம் செய்து அனுப்ப வேண்டும், அது மெதுவாக நடக்கட்டும், பிள்ளையை வெளியே அனுப்ப மாட்டோம் என்றார். பிள்ளையின் சீட்டு எங்கேயும் போகவில்லை, மகனே. இத்தனை வருடம் நீ பயந்த பயம் அந்த மேசையில் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிந்துபோனது.

நாங்கள் இருவரும் கொளத்தூர் போனோம். போகும்போது மலை இறங்கிப் பாலாறு வரை கன்னடப் பலகை, அதைத் தாண்டினால் தமிழ்ப் பலகை. இவள் ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டையும் விளையாட்டாக எனக்குப் படித்துக்கொண்டே வந்தாள். யானை கடக்கும் இடம், வண்டியை நிறுத்தாதே, வேகத்தைக் குறை. குரலில் ஓர் அதட்டல் இருந்ததைக் கவனித்தேன். செல்வியின் அம்மா வீட்டில் தங்கி, பள்ளிக்கூடத்தில் சான்றிதழ் வாங்கி, மேட்டூர் போய்க் கையெழுத்தும் வாங்கினோம். பழைய டீச்சர் ஒருத்தி இவளைப் பார்த்து, "அட சுமித்ரா! எங்கடி போயிட்ட இத்தன வருசம்?" என்றாள். யாரோ கன்னத்தில் அறைந்தது மாதிரி இவள் நின்றுவிட்டாள். அப்புறம் ஓவென்று அழுதாள். காகிதத்தை மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். என்னிடம்கூடத் தரவில்லை.

திரும்பி வந்த பஸ் பாலாற்றுச் செக்போஸ்டில் நின்றது. பையெல்லாம் சோதித்தார்கள். எல்லாரும் இறங்கினோம். உச்சி வெயில், காட்டில் ஒரு குருவிச் சத்தம் இல்லை. ஆறு மணலாகக் கிடந்தது. டீ குடித்துவிட்டு எல்லாரும் ஏறினார்கள். நாங்களும் ஏறி உட்கார்ந்தோம். கண்டக்டர் படியில் நின்றபடி உள்ளே எண்ணிப் பார்த்துவிட்டு, என்னைக் கேட்டார்:

"அஜ்ஜி, உங்க கூட வந்த சின்னப் பொண்ணு இன்னும் ஏறலையே?"

சுமித்ரா என் பக்கத்தில்தான் இருந்தாள். அவள் தோள் என் தோளில் இருந்தது. நான் அவளைக் காட்டினேன். "இவங்க இல்ல. குட்டிப் பொண்ணு, ரெட்டை ஜடை. உங்க பின்னாடியே இறங்குச்சே. அந்தா, மரத்துக்கிட்ட..." என்று வெளியே கையைக் காட்டினவர், கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். நான் பார்க்கவில்லை. பார்த்தால் கூப்பிட்டுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். கூப்பிட்டால் அது வந்து ஏறும். மைசூர் வரும், கல்லூரிக்கு வரும், மறுபடி கோடு போட்டு எழுத உட்காரும். என் இடப்பக்கம் இருக்கிற உயிருள்ள பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நாங்க ரெண்டு பேர்தாங்க. வண்டிய எடுங்க" என்றேன்.

வண்டி எடுத்தார்கள். வளைவு திரும்பும்வரை சுமித்ரா பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். முதல் கன்னடப் பலகை வந்தது. படி கண்ணு என்றேன், பேச்சை மாற்றுவதற்காக. உற்றுப் பார்த்தாள். அடுத்ததையும் பார்த்தாள். "அப்பத்தா," என்றாள், "அதுல என்னமோ வரைஞ்சிருக்காங்க. என்னன்னு தெரியிலீங்க."

அதிலிருந்து அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியவில்லை. பேசுகிறாள், பேச்சு போகவில்லை. எழுத்து மட்டும் போய்விட்டது. பஸ் ஸ்டாண்டில் என்னைப் போலவே வாய் திறந்து யாரையாவது கேட்டுத்தான் ஏறுகிறாள். சின்னக் கன்னடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே பீகார்ப் பையன்களெல்லாம் தங்கள் பேரை எழுதிக் காட்டுகிறார்கள். இவள் கரும்பலகையில் இருப்பதைப் பார்த்துக் கோலம் போடுவதுபோல அழகாக வரைகிறாள், அடுத்த நாள் காட்டினால் எது என்று தெரியவில்லை. மேடம் தன் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தாள். கண் டாக்டரிடம் கூட்டிப்போனோம், கண் நன்றாக இருக்கிறதாம். என்ன கண்ணு செய்கிறது என்று கேட்டால், "எழுதப் போனா, அவ அங்க நிக்கறது தெரியுதுங்க. இருட்டறதுக்குள்ள யாராவது வருவாங்கன்னு ரோட்டையே பாக்கறா. கை ஓட மாட்டேங்குதுங்க அப்பத்தா" என்கிறாள்.

செல்வி என்னோடு பேசுவதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றி "பவி" என்றாள் ஒரு நாள். பதில் இல்லை. சுமித்ரா அடுப்படியில்தான் இருந்தாள், அவளுக்குக் கேட்கவே இல்லை. செல்வி என்னைப் பார்த்து, "எம் புள்ளய ரெண்டாந்தரம் கொன்னுட்டீங்க அத்தை" என்றாள். உன் ரெண்டு பிள்ளையில் ஒன்றையாவது உயிரோடு வைத்திருக்கிறேன் என்று நான் சொன்னேன். இப்போதும் அதைத்தான் சொல்வேன். வண்டியை எடுக்கச் சொன்னது தப்பென்று நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை, உன்னிடமும் சொல்ல மாட்டேன். வேறு யாராக இருந்தாலும் என்ன செய்திருப்பார்கள்?

ஆனால் அங்கே நிற்கிறது என் கையால் சோறு தின்ற பிள்ளை. போன வாரம் நான் மட்டும் தனியாகப் பாலாற்றுக்குப் போனேன். அந்த மரத்தடியில் நின்று, இத்தனை வருடம் ஆடியில் தவிர சொல்லாத பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். போலீஸ்காரர் ஒருவர், யாரம்மா, ஆடு காணாமல் போய்விட்டதா என்று கேட்டார். அவள் வரவில்லை. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டு வெறுமனே கிடக்க நான் மட்டும்தான் திரும்பினேன். எனக்குத் தெரியும் ஏன் என்று. விட்டுவிட்டுப் போனவள் கூப்பிட்டால் அவள் வர மாட்டாள். அவள் என் பேத்தி. நான் கோபத்தை விட்டிருக்கிறேனா, அவள் விடுவதற்கு?

உன்மேல் அவளுக்குக் கோபம் இருக்காது. அப்பா வந்து மைசூருக்குக் கூட்டிப்போவார் என்று யூனிபாரத்துக்கு அளவு கொடுத்துவிட்டுக் காத்திருந்த பிள்ளை அவள். அதனால்தான் உன்னை வரச்சொல்கிறேன். ஒரு தடவை நீயே போனில் உடைந்துபோய், "ரெண்டு பேர்ல ஒருத்தி பேராவது ஒசந்து நிக்கட்டும்னுதாம்மா செஞ்சேன்" என்று சொன்னாய். நான் அப்போது காது கொடுக்கவில்லை. பேரை நிறுத்தினாய், சரி. பிள்ளையை நிற்கவைத்துவிட்டாய்.

பரீட்சைக்கு முன்னால் வா. பிரமாணக் காகிதத்தை வக்கீலிடம் அனுப்பிவிட்டு இருந்துவிடாதே, நேரில் வா. வீட்டுக்கு வந்ததும் சின்னவளை அவள் பேர் சொல்லிக் கூப்பிடு. பாப்பா என்று கூப்பிட்டால் நான் கதவைச் சாத்துவேன். கூப்பிட்டு, எதிரில் உட்காரவைத்து, முதல் எழுத்தை நீ போட்டுக் காட்டு. நீயும் ஹனூர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவன்தானே, உனக்கு அந்த எழுத்து தெரியும். அவளுக்கு வரும். அதற்கு முன்னால் இன்னொன்று செய்தால் வரும்.

பெங்களூரில் இறங்காதே. கோயமுத்தூரில் இறங்கி, மேட்டூர் வழியாக வா. மேட்டூரில் பாலாறு வரைக்கும் மட்டும் டிக்கெட் எடு. பாலாற்றுச் செக்போஸ்டில் பஸ் நின்றதும் நீயும் இறங்கு. டீக்கடையைத் தாண்டி ஒரு மரம் நிற்கும். வெட்கப்படாதே, அங்கே உன்னை யாருக்கும் தெரியாது. பெரியவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, பள்ளிக்கூடம் விட்டாச்சு கண்ணு, வீட்டுக்குப் போலாம் வா என்று சொல். மைசூருக்கு என்று சொல்லாதே, ஹனூருக்கு என்று சொல். அவள் படிக்க வேண்டியதெல்லாம் படித்துவிட்டாள். ஹனூரில் இறங்கியதும் காட்டு மூலை வரை கூடவே நட, வேப்பமரத்தடியில் விட்டுவிட்டு வா. என்னால் அன்றைக்கு முடியாமல் போனது இது, நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். செக்போஸ்டில் அவளைக் கூப்பிட்டுவிட்டுப் பஸ்ஸில் திரும்ப ஏறும்போது பின்னால் பார்க்காதே. கண்டக்டர் வந்து எங்கே, எத்தனை என்று கேட்பார்.

ஹனூர் என்று சொல். ஒரு முழு டிக்கெட், ஒரு அரை டிக்கெட்.

உன் அம்மா